பிளாக் டைமண்டும் போல்கா டாட்டும் ஒரே இனமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் சிமெண்ட் தொட்டிகளில் வண்ணமீன் வளர்க்கிறேன். ஒருவரிடம் 'பிளாக் டைமண்ட்' என்று ஓர் ஆண் நன்னீர்த் திருக்கையும், வேறொருவரிடம் 'போல்கா டாட்' என்று ஒரு பெண்ணும் வாங்கினேன். இரண்டும் ஒரே இனம்தானா? ஒன்றாக விட்டுக் குஞ்சு எடுக்கலாமா?

பதில்: அந்தப் பெயர்களை நம்பி ஜோடி சேர்க்காதீர்கள். இரண்டுமே கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி இருப்பதைப் பார்த்து வியாபாரிகள் வைத்தவை. அந்தத் தோற்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பகுதியில் மட்டும் வாழ்வது பொட்டமோட்ரைகான் லியோபோல்டி. டொகான்டின்ஸ் ஆற்றுப் படுகையில் வாழ்வது பொட்டமோட்ரைகான் ஹென்லே; இது கொஞ்சம் வெளிர்ந்து பழுப்பாக இருக்கும். பண்ணைகளில் இவற்றைக் கலந்து எடுத்த குஞ்சுகளும் இதே பெயர்களில் விலை போகின்றன. புள்ளி கூடக் கூட விலை ஏறும், அதனால் கலப்பு நிற்பதில்லை. 'டீகப்' என்பதும் இப்படித்தான்: எந்த இனத்தின் சின்னக் குஞ்சுக்கும் அந்தப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பெருவில் பிடிபடும் டைகர் திருக்கை பல வருடம் கடைகளில் இருந்த பிறகு, 2011-இல்தான் பொட்டமோட்ரைகான் டைக்ரினா என்று முறையாக விவரிக்கப்பட்டது.

சரி, இப்போது என்ன செய்வது? விற்றவர்களிடம் தாய், தகப்பன் மீன் எங்கிருந்து வந்தவை, அவற்றின் படம் உண்டா என்று கேளுங்கள். பில்லில் வியாபாரப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதி வாங்குங்கள். லியோபோல்டியும் ஹென்லேயும் அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. அதில் வரும் உயிரினங்களை வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அங்கே 'பிளாக் டைமண்ட்' செல்லாது.

இனம் தெரியும்வரை தனித்தனித் தொட்டி. சேர்த்து விட்டால் இனச்சேர்க்கை நடக்கும், சுமார் 3 மாதத்தில் உயிருள்ள குட்டிகளே போடும். அப்புறம் அவற்றை என்ன பெயரில் விற்பீர்கள்? விற்காத குட்டியைக் குளத்திலோ கால்வாயிலோ விடவே கூடாது. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் தென் அமெரிக்கத் திருக்கை இப்படித்தான் குடியேறி இனம் பெருக்கியது. நம் குளங்கள் ஒன்றோடொன்று கால்வாயால் இணைந்தவை, மறக்காதீர்கள்.

படம் எடுத்து அனுப்புங்கள். வலை வேண்டாம், வால் முள் சிக்கும், அதில் விஷமும் உண்டு. பிளாஸ்டிக் டப்பாவால் நீரோடு மொண்டு கண்ணாடித் தொட்டிக்கு மாற்றுங்கள். கண்ணாடிமேல் ஒட்டி ஏறும்போது அடிவயிறு தெரியும். முதுகு, அடிவயிறு, வால் மூன்றும் தெளிவாக வேண்டும்.