ஓடாத காருக்கு என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: 2006-இல் வாங்கிய எங்கள் மாருதி 800 சில ஆண்டுகளாக ஓடாமல் வாசலில் நிற்கிறது. காயலான் கடைக்காரர் ஒருவர் 12,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடை குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் காருக்கு அது சுமார் 650 கிலோ. கண்ணாடி, இருக்கை, ரப்பர் ஆகியவற்றுக்காகத் தோராயமாகக் கால் பங்கைக் கழித்தாலும் ஏறத்தாழ 490 கிலோ உலோகம் மிஞ்சும். அவர் சொன்ன தொகையை அதனால் வகுத்தால் கிலோவுக்கு 25 ரூபாய்கூட வரவில்லை. உங்கள் ஊரில் இன்று பழைய இரும்பு என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து, அதனுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அது வெறும் இரும்புக் கணக்குத்தான். பேட்டரியில் ஈயமும், ஒயரிங்கில் செம்பும், கியர்பாக்ஸ் கூட்டில் அலுமினியமும் இருக்கின்றன. இவை எல்லாமே இரும்பைவிட விலை கூடியவை. சைலன்சர் குழாயோடு இணைந்து புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் சிறிதளவு இருப்பதால், வாங்குபவர் பெரும்பாலும் வாய் திறக்காத பொருளும் அதுதான். நீங்களே பெயர் சொல்லி ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள். பேச்சின் போக்கே மாறிவிடும்.

அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்திலும் அவசியம் விலை கேளுங்கள். அங்கே வண்டியை ஒப்படைத்தால் கிடைக்கும் வைப்புச் சான்றிதழைக் காட்டிப் புதிய சொந்தக் கார் வாங்குவோருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர, 2021-இல் வந்த மத்திய விதி இடமளிக்கிறது. உங்களுக்குப் புதிய கார் தேவையில்லை என்றால், அந்தச் சான்றிதழை மின்னணு முறையில் வேறொருவருக்கு மாற்றித் தரவும் முடியும். ஆகவே மையம் சொல்லும் தொகை கடைக்காரருடையதைவிடச் சற்றுக் குறைந்தாலும், மொத்தத்தில் உங்களுக்கு நட்டம் வராமல் போகலாம்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது ஆர்.சி.தான். பதிவை ரத்து செய்யாமல் வண்டியை விட்டுவிட்டால், அதன் சேசிஸ் எண்ணும் ஆவணங்களும் திருட்டு வண்டிக்குப் பயன்படக்கூடும்; அப்போது காவல் துறை தேடி வருவது உங்களைத்தான். வண்டி அழிக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. வங்கிக் கடன் இன்னும் ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால் முன்னதாகவே தடையின்மைச் சான்று வாங்கி அதை நீக்கிவிடுங்கள். பேசிய தொகை முழுவதும் வங்கிக் கணக்கில் சேர்ந்த பிறகே வண்டியை இழுத்துச் செல்ல அனுமதியுங்கள்.