துறைக்கு ஒரு வைஃபை பெயர் வேண்டாம்

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். ஐந்து கட்டடங்கள், இரண்டு ஹாஸ்டல்கள், வைஃபை சிக்னல் தரும் 90 ஆக்சஸ் பாயின்ட்கள். துறைத்தலைவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, இப்போது எங்கே நின்றாலும் எட்டு வைஃபை பெயர்கள் தெரிகின்றன. எதில் சேர்வது என்று மாணவர்களுக்குக் குழப்பம், வேகமும் குறைந்துவிட்டது. பெயர்களை எப்படி ஒழுங்குபடுத்துவது? தமிழில் பெயர் வைக்கலாமா?

பதில்: எட்டை மூன்றாகக் குறையுங்கள். வேகம் குறைந்ததற்கும் அந்தப் பட்டியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆக்சஸ் பாயின்ட், தான் தாங்கும் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக ஏறத்தாழ நொடிக்குப் பத்து முறை கூவி அறிவிக்கிறது. இந்த அறிவிப்புக்குப் பீக்கன் என்று பெயர். எல்லாக் கருவிக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் அதை அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த வேகம் 1 எம்பிபிஎஸ் என்றும், ஒரு பீக்கன் 250 பைட் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கூவ 2 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். எட்டுப் பெயர் என்றால் ஒவ்வொரு 102 மில்லிநொடியிலும் 17 மில்லிநொடிக்கு மேல் போய்விடும். அதே சேனலில் இன்னும் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்கள் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தால், ஒருவரும் ஒரு வீடியோகூடப் பார்க்காதபோதே பாதி நேரம் கூவுவதிலேயே போய்விடும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஆகவே 90 ஆக்சஸ் பாயின்ட்களில் இந்த நெரிசலைத் தவிர்க்க முடியாது. பெயர்களைக் குறைப்பதோடு, ஆக்சஸ் பாயின்ட்களை எல்லாம் நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். மிகப் பழைய கருவிகள் சில விடுபடும்; அவற்றை முதலில் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இடத்தின் பெயரை வைஃபைக்கு வைப்பதுதான் இதில் பெரிய தவறு. 'லைப்ரரி' என்ற பெயரில் சேர்ந்த மாணவி கேன்டீனுக்கு நடந்து போகிறாள். அங்கே தலைக்குமேல் நல்ல சிக்னலோடு 'கேன்டீன்' இருந்தும், அவள் போன் ஒற்றைக் கோடு காட்டும் லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே பெயருக்குள்தான் போன் இணைப்பு அறாமல் அடுத்த ஆக்சஸ் பாயின்டுக்குத் தாவும். பெயரின் வாலில் '5ஜி' சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். அதைப் பார்ப்பவர்கள் மொபைல் 5ஜி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் போதும்.

மூன்று பெயர்கள் எவை? ஆசிரியர், மாணவர், அலுவலர் எல்லோருக்கும் ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, பிரின்டர், புரொஜெக்டர், கேமரா போன்ற கருவிகளுக்கு ஒன்று. "ஸ்டாஃபுக்குத் தனியாக வேண்டாமா?" என்று உங்கள் முதல்வர் நிச்சயம் கேட்பார். வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் சொந்த யூசர்நேம், பாஸ்வேர்டால் நுழையும் எண்டர்பிரைஸ் முறையை வையுங்கள். வருபவர் யார் என்று நுழைவைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் பார்த்து, ஆசிரியரை ஒரு விலேனிலும் (உள்ளே தனியாகப் பிரித்த நெட்வொர்க்) மாணவரை வேறொரு விலேனிலும் தானே சேர்த்துவிடும். எல்லோருக்கும் பொதுவான பாஸ்வேர்ட் வைத்தால் அது ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரிப் பட்டியலை நம்பிக் காவல் வைப்பதும் இப்போது எடுபடாது: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிப் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புது மேக் முகவரியைக் காட்டுகின்றன. எட்டுப் பெயரிலும் சேர்ந்த ஒரே போன் உங்கள் பதிவேட்டில் எட்டுக் கருவிகளாக நிற்கும்.

எஜுரோமில் சேர முடியுமா என்றும் பாருங்கள். ஒரு கல்லூரியின் யூசர்நேமிலேயே மற்ற கல்லூரிகளின் வைஃபையிலும் சேரவிடும், 2002-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஏற்பாடு அது. இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான நெட்வொர்க்கான எர்நெட் அதை நடத்துகிறது. சேர்ந்தால் எல்லோருக்குமான முதல் பெயராக அதையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாணவர் வேறொரு எஜுரோம் கல்லூரிக்கு ப்ராஜெக்ட் வேலையாகப் போனால், பையிலிருந்து போனை எடுக்காமலே நெட் கிடைக்கும். பெயரை eduroam என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஓர் எழுத்தும் மாறாமல் வைக்கவேண்டும்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். வைஃபை பெயரை யாரும் காப்பியடிக்கலாம். ஹாஸ்டல் அறையில் ஒருவன் அதே பெயரில் ஒரு ரவுட்டரை வைத்தால், சர்வர் உண்மையானதுதானா என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காத போன்கள் அதனிடம் போய்ப் பாஸ்வேர்ட் விவரத்தைக் கொடுத்துவிடும். எனவே சான்றிதழ் சரிபார்ப்பையும் சேர்த்தே அமைத்துத் தரும் செட்டப் கோப்பை மாணவர்களுக்குக் கொடுங்கள். பெயரை ஒளித்துவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. போகிற இடமெல்லாம் போன் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கும்.

தமிழில் வைக்கலாம், ஆனால் இடம் குறைவு. பெயருக்கு மொத்தம் 32 பைட். தமிழில் மெய்யின் புள்ளி, துணைக்கால், கொம்பு என்று ஒவ்வொரு குறியும் தனியாக 3 பைட் எடுக்கும். 'கல்லூரி' மட்டும் 21 பைட். 'நம் கல்லூரி' 31 பைட்டில் மயிரிழையில் அடங்கும்; 'எங்கள் கல்லூரி' 40 ஆகிவிடும். விருந்தினர் பெயரைத் தமிழில் வைப்பது எனக்குப் பிடித்த யோசனை. கருவிகளுக்கான பெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். சின்னத் திரை உள்ள பழைய பிரின்டர்களில் தமிழ் சரியாகத் தெரியாது.

இடப் பெயர் இருக்கவேண்டியது ஆக்சஸ் பாயின்டில். கட்டடம், மாடி, அறை எண் என்ற வரிசையில் 'மெக்-2-214' என்று கன்ட்ரோலரில் பதிந்து, அதையே ஸ்டிக்கராக அடித்துப் பெட்டியின் அடியில், கீழிருந்து படிக்கும் அளவில் ஒட்டுங்கள். "நெட் வரல சார்" என்று இரவு பத்து மணிக்கு ஹாஸ்டலிலிருந்து போன் வந்தால், "தலைக்குமேல என்ன எழுதியிருக்கு, படிப்பா" என்று கேட்டால் போதும்.

மாற்றத்தைச் செமஸ்டர் விடுமுறையில் செய்யுங்கள். பழைய பெயர் எதையும் புது நெட்வொர்க்குக்கு வைக்காதீர்கள். போன்களில் சேமித்திருக்கும் பழைய அமைப்பு அதனோடு முட்டிக்கொண்டு நிற்கும். புதுப் பெயரை விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே ஓடவிட்டு, மாணவர்கள் ஊருக்குக் கிளம்பியபின் பழைய எட்டையும் ஒரே நாளில் அணைத்துவிடுங்கள்.