பையைக் கொட்டுங்கள், அப்புறம் பேசலாம்

கும்பகோணத்தில் 28 ஆண்டுகளாக சிவில் வழக்குகள் நடத்திவரும் பெண் வழக்கறிஞர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

நீங்கள் வக்கீலானது எப்படி? புதிதாக வருகிறவர்களிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?
– வாசகி, மன்னார்குடி

அப்பா சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். பள்ளி விடுமுறையில் பழைய பத்திரத்தை நான் சத்தமாக வாசிக்க, அவர் நகலைச் சரிபார்ப்பார். நிலத்தின் நாலு பக்க எல்லையைக் குறிக்கும் நான்கெல்லை என்ற சொல்லை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் படித்து பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, ஒரு சீனியரிடம் ஆறு வருடம் இருந்தேன். முதல் வருடம் முழுக்க வாய்தா வாங்குவதும், கட்டு என்று நாங்கள் சொல்லும் வழக்குக் காகிதங்களைத் தேடுவதும்தான்.

வருகிறவர்களிடம் கேள்வி எதுவும் கேட்பதற்கு முன், கொண்டுவந்த பையை மேஜையில் கொட்டச் சொல்வேன். ரேஷன் கார்டு, கரண்ட் பில், வரி ரசீது என்று எல்லாம் கலந்து கிடக்கும். எதையும் தள்ளிவைக்க மாட்டேன். முதல் மனைவியின் மகளை, 'இவள் எங்கள் அப்பாவுக்குப் பிறந்தவளே இல்லை' என்று மறுத்த வழக்கு ஒன்று வந்தது. அந்த மகள் கொட்டிய பையில் ஓரம் அரித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது. 'எனது ஜேஷ்ட குமாரத்தி', அதாவது மூத்த மகள் என்று தகப்பனார் பெயரிலேயே அச்சடித்தது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சொல்லாததை அந்த மஞ்சள் தடவிய காகிதம் சொன்னது.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லலாமா? வெளியே போய்விடாதா?
– வாசகர், பாபநாசம்

சொல்லுங்கள், உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் வக்கீலிடம் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் வெளியிடக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 132ஆம் பிரிவு. சட்டவிரோதமான காரியத்துக்காக யோசனை கேட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு ஒரு பெண் வந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு, பிராதும் நன்றாகவே அமைந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்றார். அந்தப் பெண் பத்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பேங்க் லோனுக்கு என்று சொல்லி அண்ணன் வாங்கிய கையெழுத்தாம். முதல் நாளே தெரிந்திருந்தால், ஏமாற்றி வாங்கிய அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் சேர்த்தே கேட்டிருப்பேன். அதற்குக் காலவரம்பு, உண்மை தெரிந்ததிலிருந்து மூன்று வருடம்தான்.

அவர் மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று முதல் சந்திப்பில் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார், நானும் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எந்தப் பெண் வந்தாலும், கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அரை மணி நேரமாவது தனியாகப் பேசுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஜெயித்தால் சொத்தில் பத்து சதவீதம் என்று வக்கீல் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

கூடாது. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100க்கும் போன் செய்யலாம்.

வக்கீலை மாற்ற வேண்டும். பாக்கி இருக்கிறது என்று கட்டைத் தர மறுக்கிறார்.
– வாசகி, வலங்கைமான்

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கட்டும். பதிவுத் தபாலில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். புது வக்காலத்துக்கு அவர் சம்மதம் தராவிட்டால் கோர்ட்டில் மனு போட்டு அனுமதி வாங்கலாம்.

என்னிடமிருந்தும் கட்டை வாங்கிப் போனவர்கள் உண்டு. பக்க எண் போட்டு, பட்டியல் எழுதி, அவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு தாளாக எண்ணிக் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்குவேன். அடுத்து நடத்தப்போகும் வக்கீலுக்கு ஒரு ரசீதுகூடக் குறையக் கூடாது.