பழைய கொரியப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

புதிய கொரியத் தொடர்கள் சலித்துவிட்டன, பழைய படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: யூ ஹியோன் மோக் இயக்கிய ‘ஓபல்தான்’, 1961.

போர் முடிந்த சியோல். கணக்கர் ஒருவருக்குத் தீராத பல்வலி. பிடுங்கச் செலவாகுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டில் படுத்த படுக்கையாய்ச் சித்தம் கலங்கிய தாய், திடீர் திடீரென்று “கஜா!” என்று அலறுகிறார். ‘போவோம்’ என்று பொருள். எங்கே? கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் ரத்தம் வழிய டாக்சியில் ஏறும் மகனுக்கும் அது தெரியவில்லை. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். தெரிந்து பார்த்தாலும் உலுக்கும்.)

கொரியத் திரைப்படக் காப்பகத்தின் யூடியூப் சேனலில் இலவசமாகவே கிடைக்கிறது. இரவில் தனியாகப் பார்க்காதீர்கள். அந்த அலறல் காதைவிட்டுப் போகச் சில நாட்களாகும்.