டின்யானெல்லோ புட்டியில் கியாந்தி கிளாசிக்கோ என்ற பெயர் இல்லாதது பற்றி

வணக்கம். இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில், கியாந்தி கிளாசிக்கோ என்ற ஒயின் வட்டாரத்தில் விளைந்த டின்யானெல்லோ என்ற சிவப்பு ஒயினின் சீட்டில் அவ்வட்டாரப் பெயர் இல்லாமல், 'தொஸ்கானா ஐ.ஜி.டி.' (தொஸ்கானாவில் விளைந்தது என்று காட்டும் ஒயின் வகைப் பெயர்) என்று மட்டும் இருப்பதால் அது போலியோ, தரம் தாழ்ந்ததோ என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஐயப்பட வேண்டாம். உண்மையான புட்டியிலும் அப்படித்தான் இருக்கும்.

1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் ஃபுளோரன்ஸின் ஆன்டினோரி குடும்பத்தார், சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையையும் கலக்கச் சொன்ன அன்றைய கியாந்தி விதியை ஏற்க மனமின்றி, 1971 விளைச்சலிலேயே அப்பெயரைக் கைவிட்டு, மிகத் தாழ்ந்த வகையான 'மேசை ஒயின்' என்ற பெயரில் இதை விற்கத் துணிந்தனர். எனக்கு இன்றும் வியப்பளிக்கும் முடிவு அது. 1975-இல் வெள்ளைத் திராட்சை முற்றிலும் நீங்கியது. இப்போது சீட்டில் உள்ள ஐ.ஜி.டி. என்ற வகையே 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிறந்தது.

கலவையில் பெரும்பங்கு சான்ஜியோவேசே என்ற கருந்திராட்சை. எஞ்சியது கபர்னே சோவினியோனும் சிறிதளவு கபர்னே ஃபிராங்கும் ஆகிய வேறு இரு கருந்திராட்சை வகைகள். அடியில் வண்டல் தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். வயதான சிவப்பு ஒயினில் அது இயல்பு. புட்டியை ஒரு நாள் முழுவதும் நிமிர்த்தி வைத்து, பின்னர் அசைக்காமல் வேறொரு கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துப் பகுதியை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.