‘நாலு பட்டை போதும்’ என்று சொன்ன கடைக்காரர் பொறுப்பில்லையா?

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பத்து மாதத்துக்கு முன்பு கடன் போட்டு பெல்ட் வண்டி ஒன்று (நெல் அறுவடை மெஷின்தான்) வாங்கியிருக்கிறார். இவரே ஓட்டுகிறார், கூடப் பிறந்தவர் உதவிக்கு நிற்கிறார். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வாடகைக்கு அறுப்பு. ரோட்டாரில் (கதிரடிக்கிற உருளை, சுற்றிலும் ஆறு பல் பட்டை இருக்கும்) பல் தேய்ந்துபோக, கம்பெனி பார்ட்ஸ் விலை கட்டுப்படியாகாமல், மண்ணடிக் கடை ஒன்றில் வேறு தயாரிப்பில் நாலு பல் பட்டையும் ஒரு ஃபீடர் செயினும் (அறுத்த கதிரை உள்ளே இழுக்கும் சங்கிலி) 64,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினார். நவரைப் பருவ அறுப்பு, மூன்றாம் நாளே ரோட்டார் உதற ஆரம்பித்தது. புதுப் பட்டை ஒன்று உடைந்து, பேரிங்கும் போய், வண்டி ஒன்பது நாள் வரப்போரம் நின்றுவிட்டது. கடைக்காரர் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற பில் வரியைக் காட்டுகிறார். வண்டி விற்ற டீலரோ, வெளிப் பார்ட்ஸ் போட்டதால் வாரண்டியே போச்சு என்று, இதற்குச் சம்பந்தமில்லாத ஹைட்ராலிக் பம்ப் கசிவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறார். வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

போடலாம் தம்பி. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது உடைந்த பட்டை இல்லை. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘ஆறையும் மாற்றலாமா என்று போட்டோ அனுப்பிக் கேட்டேன், நாலு போதும், மீதி ரெண்டு நல்லாத்தான் இருக்கு என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினார்’ என்று, உங்கள் வழக்கு அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். ரோட்டார் வேகமாகச் சுற்றுகிற பொருள். ஒரு பட்டைக்கு நேர் எதிரே இருக்கும் பட்டையும் அதே எடை இருந்தால்தான் உதறாமல் ஓடும், அதனால் மாற்றும்போது எதிரெதிர் ஜோடியாக, எடை பார்த்து மாற்றுவதுதான் முறை. தேய்ந்த பட்டைக்கு எதிரே புதுப் பட்டை உட்கார்ந்திருந்தால் அந்த எடை வித்தியாசமே பேரிங்கைத் தின்றுவிடும். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘ஆறில் நாலு மட்டும் ஏன் மாற்றினீர்கள்?’ உங்களிடம் அந்த வாய்ஸ் இல்லையென்றால் அது உங்கள் தப்பு என்று ஆகிவிடும். வாய்ஸ் இருப்பதால் அது அவருடைய யோசனை ஆகிறது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 இதைத்தான் சொல்கிறது. எந்த உபயோகத்துக்கு என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அதுவும் அவர் அந்த வியாபாரமே செய்பவராக இருந்தால், பொருள் அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட பிராண்ட் பெயரைச் சொல்லி ‘அதுதான் வேண்டும்’ என்று நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நீங்கள் மாடலைச் சொல்லி, ஈர வயல் நெல் அறுப்பு என்று சொல்லி, எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் பில்லில் ‘ஸ்பேர்ஸ் 5’ என்று மட்டும்தான் இருக்கிறது, மாடல் கூட இல்லை, ஆகவே அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் எல்லாம். அந்த போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் அந்த உடைந்த பட்டை. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஒரு பாதி பளபளவென்று இருக்கிறது, இன்னொரு பாதி கறுத்துத் துருவேறிக் கிடக்கிறது. கறுத்த பக்கம் முன்பே விரிசல் விட்டிருக்கலாம், அதாவது வார்ப்பிலேயே கோளாறு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38-இன் கீழ் நுகர்வோர் ஆணையமே சோதனைக்கு அனுப்பும். அதனால் தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், ஒட்ட வைத்துப் பார்க்கிறேன் என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் படாமல் கவரில் கட்டி வையுங்கள். மற்ற பட்டைகளையும் கழற்றியதும் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸில் எண் போட்டு, தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், வெளியாள் ஒருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

‘வாடகைக்கு ஓட்டுகிறீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று ஒரு வாதம் வரும். பயப்பட வேண்டாம். அதே 2019 சட்டத்தின் பிரிவு 2(7) விளக்கத்திலேயே, சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் ஆட்டோவையே உதாரணம் காட்டியது: தானே ஓட்டிப் பிழைக்க வாங்கினால் நுகர்வோர், உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் நுகர்வோர்தான், முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்றே வாங்கினால் இல்லை. ஆகவே ‘டிரைவர் போட்டிருக்கிறேன்’ என்று பேச்சுக்குக்கூட எங்கும் எழுதாதீர்கள், உண்மையும் அதுவல்லவே.

வாபஸ் இல்லை என்ற பில் வரிக்குப் பெரிய மதிப்பில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது அதே சட்டம் 2(47)-இன்படி முறையற்ற வணிகம். நீங்கள் வாங்கிய பத்தாம் நாளே எழுத்தில் கேட்டுவிட்டீர்கள், அது உங்களுக்கு பலம்.

டீலர் விஷயம் வேறு. 2014 ஆகஸ்டில் கார் உதிரிபாக வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம், வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று உத்தரவிட்டது. அது கார் கம்பெனிகளுக்கு எதிரானது, அறுவடை மெஷினுக்கு நேராகப் பொருந்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும். வாரண்டி புத்தகத்தின் வாசகத்தை முதலில் படித்துப் பாருங்கள். ரோட்டார் பட்டைக்கும் பம்ப் கசிவுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் பதில் கேளுங்கள். ரோட்டார் பேரிங்கை டீலரிடம் கேட்க முடியாது, அதை விட்டுவிடுங்கள்.

நஷ்டத்தில் 64,000, பேரிங் செலவு, கூலி இவற்றோடு ஒன்பது நாள் வாடகையும் கேட்கலாம். ஆனால் டீசல் கழித்து, ஒப்புக்கொண்டு பிறகு போக முடியாத வயல்காரர்களின் பெயரும் ஏக்கரும் எழுதிய நோட்டோடு கேளுங்கள். சும்மா பத்து லட்சம் என்று போட்டால் உண்மையான தொகையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இந்த வாரமே கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுத்து. பதில் வராவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டுதான், ஆனால் துரு அதுவரை காத்திருக்காது. அடுத்த சொர்ணவாரிப் பருவ அறுப்புக்கு வண்டியை இறக்க வேண்டும் என்றால், பழைய பட்டைகளைப் பத்திரப்படுத்திவிட்டு ஆறையும் எடை பார்த்த செட்டாக வாங்கி மாட்டுங்கள், மாடலையும் ‘நெல் அறுப்புக்கு’ என்பதையும் இந்த முறை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.