முளையும் கயிறும் சுமந்தவர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. எங்கள் சபையில் கன்வென்ஷன், ஸ்தோத்திரப் பண்டிகை என்று எது வந்தாலும் பந்தலுக்குக் கயிறு கட்டுவது, நாற்காலி இறக்குவது, ஜமுக்காளம் விரிப்பது, மைக் ஒயர் இழுப்பது எல்லாம் என் தலையில்தான். ஆராதனை தொடங்கும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு கடைசியில் நிற்பேன். பாடகர் குழுவில் சேரட்டுமா என்று கேட்டால், “அண்ணே, உங்களை விட்டா பந்தலை யார் பார்ப்பா?” என்று சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். இதையும் ஊழியம் என்கிறார்கள். எனக்குக் கூலியில்லாத சுமை வேலையாகத்தான் தெரிகிறது. இப்படி நினைப்பது பாவமா?
- பெயர் வேண்டாம்

பதில்: பாவமெல்லாம் இல்லை, சகோதரரே. அலுப்பு வேறு, பாவம் வேறு.

வேதாகமத்தில் எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பெயரும் எண்ணிக்கையுமாக இருப்பதால் பலர் புரட்டிவிட்டுப் போகிற பகுதி அது. இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் கொண்டுபோன ஆராதனைக் கூடாரம்தான் ஆசரிப்புக் கூடாரம். அதைப் பிரித்துச் சுமக்கும் வேலை, அதன் பணிக்கென்றே பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தாரான லேவியரின் மூன்று குடும்பங்களுக்குப் பங்கிடப்படுகிறது. கோகாத்தியருக்குப் பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி, குத்துவிளக்கு, பீடங்கள். கெர்சோனியருக்குத் திரைகள். மெராரியருக்குக் கிடைத்தது பலகை, தாழ்ப்பாள், தூண், அவற்றைத் தாங்கும் பாதம், தரையில் அடிக்கும் முளை, கயிறு. உங்கள் வேலையேதான்.

லேசான சுமை இல்லை அது. கூடாரத்தின் வெள்ளிப் பாதங்கள் மட்டும் 100. ஒவ்வொன்றும் ஒரு தாலந்து, அதாவது சுமார் 34 கிலோ. மெராரியரில் இந்த வேலைக்கு எண்ணப்பட்டவர்கள் 3,200 பேர். அவர்கள் சுமக்கவேண்டியதைப் பேர்பேராக எண்ணி ஒப்படைக்கும்படி கட்டளை. ஒரு முளை காணாமல் போனாலும் அது யார் பொறுப்பு என்று தெரிந்திருக்கும். பெட்டிக்கு இருந்த மகிமை முளைக்கும் உண்டு என்று வேதம் எங்கும் பூசி மெழுகவில்லை. எனக்கு அந்த அதிகாரத்தில் பிடித்ததே அதுதான்.

10-ஆம் அதிகாரத்தில் பயண வரிசை வருகிறது. யூதா கோத்திரத்தின் தலைமையிலான பாளயம் புறப்பட்டதும் கெர்சோனியரும் மெராரியரும் கிளம்புகிறார்கள். ரூபனின் பாளயமும் போன பிறகே கோகாத்தியர் பரிசுத்தமானவற்றைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் கூடாரம் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். கூட்டம் ஆறு மணிக்கென்றால் நீங்கள் மதியமே போய் நிற்பதும் இந்தக் கணக்கில்தான். சபை வருவதற்கு முன் நடந்து முடிகிற வேலையை யாரும் பார்ப்பதில்லை. பாராட்டு வராததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரி, பெரிய பொருளைச் சுமந்தால் மனம் நிறைந்துவிடுமா? ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று கலகம் செய்த கோராகு கோகாத் வம்சத்தான். பெட்டியைச் சுமக்கிற குடும்பம்!

ஆனால் இந்த வசனங்களைக் காட்டி உங்கள் வாயை அடைக்க யாரையும் விடாதீர்கள். 7-ஆம் அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்களான பிரபுக்கள் ஆறு வண்டிகள் கொண்டுவருகிறார்கள். கெர்சோனியருக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. மெராரியருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு. ‘அவரவர் வேலைக்குத் தக்கதாக’க் கொடுக்கப்பட்டது. தோளில் சுமக்கவேண்டிய கோகாத்தியருக்கு வண்டியே இல்லை. பாரம் அதிகமுள்ளவனுக்கு உதவியும் அதிகம். பக்தியைச் சொல்லிச் சமாளிக்கவில்லை. அதோடு, லேவியருக்குச் சுமக்கும் வேலை 50 வயதோடு முடிந்துவிடும். அதற்குமேல் சகோதரருக்குக் கூடமாட ஒத்தாசை மட்டும்தான். உங்களுக்கு 52.

பாட ஆசைப்பட்டதிலும் தவறில்லை. பெட்டி எருசலேமில் தங்கிய பிறகு, லேவியர் இனிக் கூடாரத்தைச் சுமக்கவேண்டியதில்லை என்கிறார் தாவீது ராஜா. அப்போது நியமிக்கப்பட்ட பாடகர் தலைவர் மூவரில் ஒருவர் ஏத்தான். அவர் மெராரி வம்சத்தார்.

அடுத்த கமிட்டி கூடுமுன் ஆயரைத் தனியாகப் பாருங்கள். பந்தலுக்கு நான்கு வாலிபர்களைப் பெயர் சொல்லியே கேளுங்கள். ‘யாராவது வாங்க’ என்றால் யாரும் வரமாட்டார்கள். இந்தப் பண்டிகைக்கு அவர்களைக் கூட வைத்து வேலையைக் கற்றுக்கொடுங்கள். அப்புறம் பாடகர் குழு பயிற்சி எந்தக் கிழமை என்று விசாரித்து, இந்த முறை கேட்டுக்கொண்டு நிற்காமல் நேரே போய் உட்காருங்கள்.